சதவீதம் ஒன்றுதான், பணம் வரும் தேதி வேறு: தனி ரிக்ரூட்டருக்கு எந்தக் கட்டண முறை தோது?

கம்பெனிகளுக்கு ஆள் தேடித் தரும் பெரிய கன்சல்டன்சி ஒன்றில் ஐந்தாறு வருடம் வேலை பார்த்துவிட்டு, நாலைந்து எச்ஆர் தொடர்புகளை நம்பித் தனியாக இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை சதவீதம் போடலாம்?" என்றுதான். அதற்குச் சந்தையே பதில் வைத்திருக்கிறது. ஒரு மாதச் சம்பளம், அதாவது ஆண்டு சிடிசியில் (ஒரு பணியாளருக்காகக் கம்பெனி ஆண்டுக்குச் செலவிடும் மொத்தத் தொகை) 8.33 சதவீதம் என்பது இந்தியாவில் நெடுநாளாகப் புழங்கும் கணக்கு. கிடைக்க அரிதான திறமை என்றால் 12.5, மூத்த பதவி என்றால் இரண்டு மாதச் சம்பளமான 16.67 வரை பேசலாம். இதில் அரை சதவீதம் கூட்டிக் குறைப்பதால் யாரும் வாழ்ந்ததும் இல்லை, கெட்டதும் இல்லை. தொழிலைத் தூக்குவதும் கவிழ்ப்பதும் இரண்டு விஷயங்கள். பணம் எந்தத் தேதியில் வங்கிக் கணக்கில் விழும்? அதற்குள் ஆள் நழுவினால் நஷ்டம் யாருடையது? கீழே வரும் ஒவ்வொரு முறையையும் இந்த இரண்டை வைத்தே எடை போட்டிருக்கிறோம்.

ஆள் சேர்ந்தால் பணம்

பெரும்பாலோர் தொடங்குவது இதில்தான். முதலீடு ஒரு லேப்டாப், ஒரு போன், நௌக்ரி அல்லது லிங்க்ட்இன் சந்தா. உள்நாட்டு வேலைகளுக்கு ஆள் எடுத்துத் தர மத்திய அரசின் தனி உரிமம் எதுவும் வேண்டியதில்லை. உள்ளே நுழைவது சுலபம் என்பதால்தான் கூட்டமும் அதிகம்.

நாட்களை எண்ணிப் பாருங்கள். ரெக்வயர்மென்ட் (ஆள் வேண்டும் என்ற கோரிக்கை) வந்து, ஆள் தேடி, மூன்று சுற்று இன்டர்வியூ முடிந்து, ஆஃபர் லெட்டர் வர 30 முதல் 40 நாள். ஐடி துறையில் நோட்டீஸ் பீரியட் 60 அல்லது 90 நாள். ஜாயினிங் ஆன பிறகுதான் இன்வாய்ஸ். அதற்குப் பணம் வர இன்னொரு 45 நாள். ஜனவரி முதல் வாரத்தில் செய்த வேலைக்கு ஜூன் மாதக் கடைசியில்தான் பணம். அதோடும் முடியவில்லை. ரீப்ளேஸ்மென்ட் காலம் (அதற்குள் ஆள் விலகினால் கட்டணமின்றி வேறு ஆள் தர வேண்டும்) வழக்கமாக ஜாயினிங்கிலிருந்து 90 நாள் என்பதால், பணம் வந்த பிறகும் ஒன்றரை மாதத்துக்கு அது முழுசாக உங்களுடையது ஆகாது.

9 லட்சம் சிடிசி உள்ள ஒருவரைச் சேர்த்தால் 8.33 சதவீதம் 74,970 ரூபாய். ஜிஎஸ்டி 18 சதவீதம் 13,495 சேர்த்து இன்வாய்ஸ் 88,465. க்ளையன்ட் 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்தால் 7,497 கழிந்து, வந்து சேருவது 80,968. அதில் ஜிஎஸ்டியை அரசுக்குக் கட்டியபின் மிஞ்சுவது 67,473. டிடிஎஸ் பிறகு ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது சரியாகிவிடும். ஆனால் இந்த மாத வீட்டு வாடகைக்கு அது உதவாது.

ஜிஎஸ்டியில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. வரி இன்வாய்ஸ் தேதியை வைத்து வருகிறதே தவிர, க்ளையன்ட் பணம் போட்ட தேதியை வைத்து அல்ல. மாதாந்தரத் தாக்கல் செய்பவர் மார்ச் 29-ஆம் தேதி இன்வாய்ஸ் போட்டால் ஏப்ரல் 20-க்குள் கட்ட வேண்டும். அதே இன்வாய்ஸை ஏப்ரல் 2-ஆம் தேதி போட்டால் மே 20 வரை நேரம் கிடைக்கும். சேவை முடிந்து 30 நாளுக்குள் இன்வாய்ஸ் போட்டால் போதும் என்பதால் இது விதிக்கு உட்பட்டதுதான். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும் வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. மேலே சொன்ன கணக்கில் வருடத்துக்கு 26 பேர் வரை சேர்த்தாலும் அந்த எல்லைக்குள்தான் இருப்பீர்கள். பெரிய க்ளையன்ட்கள் ஜிஎஸ்டி எண் இல்லாதவரை வெண்டார் பட்டியலிலேயே ஏற்றாமல் இருக்கலாம் என்பது வேறு கதை.

இந்த முறையில் உழைப்பைத் தின்பது ஆஃபர் ட்ராப். கேண்டிடேட் ஆஃபரை ஏற்றுக்கொண்டு, நோட்டீஸ் ஓடும் 90 நாளில் இன்னும் இரண்டு ஆஃபர் வாங்கிவிடுகிறார். அல்லது ராஜினாமா கடிதம் கொடுத்த மறுநாளே பழைய கம்பெனி சம்பளத்தைக் கூட்டித் தருகிறது. இதை முழுசாகத் தடுக்க முடியாது. முன்கூட்டியே மோப்பம் பிடிக்கலாம். ஆஃபர் வந்த மூன்று நாளுக்குள் ராஜினாமா ஏற்கப்பட்ட மின்னஞ்சலின் நகல் வரவில்லை என்றால் அந்த ஜாயினிங் பாதி போனது என்று எடுத்துக்கொண்டு, எச்ஆரிடம் சொல்லி அடுத்த ஆளைத் தயாராக வைத்திருங்கள். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு போன். "வர்றீங்கதானே?" என்று கேட்டால் எல்லோரும் "வர்றேன் சார்" என்றுதான் சொல்வார்கள். "லாஸ்ட் வொர்க்கிங் டே எழுத்தில வந்துடுச்சா? உங்க வேலையை யாருக்குக் கைமாத்திக் குடுக்குறீங்க? வீடு எங்க பார்க்குறீங்க?" என்று கேளுங்கள். வருகிறவரிடம் இதற்கெல்லாம் பதில் இருக்கும்.

இன்னொரு ஓட்டை பின்னணிச் சரிபார்ப்பு. ஜாயின் ஆன ஆறாவது வாரத்தில், இரண்டு கம்பெனிகளில் ஒரே காலத்தில் பிஎஃப் கட்டப்பட்டது தெரியவந்து ஆளை வெளியே அனுப்புவார்கள்; ரீப்ளேஸ்மென்ட் உங்கள் தலையில் விழும். ரெஸ்யூமேவை அனுப்பும் முன்பே கேண்டிடேட்டைத் தன் யுஏஎன் (பிஎஃப் கணக்கு எண்) சர்வீஸ் ஹிஸ்டரியைப் பார்த்துத் தேதிகளைச் சொல்லச் சொல்லுங்கள். கடைசி மூன்று பே-ஸ்லிப், முந்தைய கம்பெனியின் ரிலீவிங் லெட்டர் இரண்டையும் அப்போதே சரிபாருங்கள். பாஸ்வேர்டோ ஓடிபியோ கேட்காதீர்கள். அது உங்கள் வேலை அல்ல.

ஒப்பந்தத்தில் சதவீதத்தைவிட அதிக நேரம் செலவிட வேண்டியவை வேறு. சதவீதம் எதன் மேல்: வேரியபிளும் (செயல்திறனைப் பொறுத்து மாறும் சம்பளம்) ஜாயினிங் போனஸும் சேர்ந்த மொத்த சிடிசியா, நிலையான பகுதி மட்டுமா? 9 லட்சத்தில் ஒன்றரை லட்சம் வேரியபிள் என்றால் இந்த ஒரு சொல்லில் 12,500 ரூபாய் போய்விடும். ரீப்ளேஸ்மென்ட் ஒரே ஒரு முறைதான், இன்வாய்ஸ் தவணைக்குள் கட்டப்பட்டிருந்தால்தான், ஆட்குறைப்பு அல்லது வேலை மாற்றத்தால் ஆள் போனால் கிடையாது என்று மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். ரீஃபண்ட் என்ற சொல்லுக்கு இடம் தராதீர்கள். வேறு வழியே இல்லை என்றால் வேலை பார்த்த நாளைக் கழித்துக்கொண்டு மீதிக்கு மட்டும். நீங்கள் அனுப்பிய ப்ரொஃபைல் 12 மாதத்துக்கு உங்கள் கணக்கில்; அதே ஆளை வேறு பதவிக்கு எடுத்தாலும் கட்டணம் உண்டு என்று சேர்க்கவும்.

பணம் இழுத்தடிப்பதற்குச் சட்டம் ஒரு பிடி கொடுத்திருக்கிறது. குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான (எம்எஸ்எம்இ) அரசின் உத்யம் பதிவு இலவசம். தனியாள் நிறுவனமும் குறுந்தொழிலாகப் பதியலாம். 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டப்படி ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. எச்ஆர் இதற்கெல்லாம் அசையமாட்டார். அசைவது க்ளையன்ட்டின் கணக்குப் பிரிவு. ஏனென்றால், 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த வருமான வரி விதிப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்குத் தவணை கடந்தும் மார்ச் 31-க்குள் தராத தொகையை அந்த ஆண்டின் செலவாகக் கழிக்க முடியாது. இன்வாய்ஸின் மேலேயே உத்யம் எண்ணை அச்சிடுங்கள். பிப்ரவரி கடைசியில் கணக்குப் பிரிவுக்கு ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். பதிவு, வேலையைத் தொடங்கும் முன்பே இருக்க வேண்டும். தகராறு வந்தபிறகு எடுத்த எண் செல்லாக் காசு.

தலைக்கு இவ்வளவு

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் அசெம்பிளி லைன், சென்னையில் பிபிஓ, கடை விற்பனை, டெலிவரி போன்ற வேலைகளுக்குச் சதவீதம் கிடையாது. ஒரு ஆளுக்கு இத்தனை ஆயிரம் என்று ஒரே தொகை. தொகை சின்னது, ஆனால் நோட்டீஸ் பீரியட் இல்லை. இன்று பேசினால் அடுத்த வாரம் ஜாயினிங். உத்தரவாதமும் பெரும்பாலும் 30 நாள் வருகைப் பதிவோடு முடிகிறது. 90 நாள் நோட்டீஸுக்காகக் காத்துக் கிடப்பவருக்கு இடையில் சோறு போடுவது இதுதான்.

இதில் தோற்கிறவர்கள் தோற்பது முதல் வாரத்தில். பேருந்து எங்கே நிற்கும், ஷிஃப்ட் எத்தனை மணி, ஹாஸ்டல் சாப்பாட்டுக்குப் பிடித்தம் எவ்வளவு, நின்றுகொண்டே செய்யும் வேலையா என்பதைச் சொல்லாமல் 40 பேரை ஏற்றிவிட்டால், பத்தாவது நாள் 15 பேர் மிஞ்சுவார்கள். கையில் வரும் சம்பளத்தைப் பிடித்தம் போக எண்ணாகவே சொல்லிவிடுங்கள். வராதவர் முன்பே வராமல் இருப்பது உங்களுக்கு லாபம்.

வேறொருவர் க்ளையன்ட், உங்கள் கேண்டிடேட்

பெரிய கன்சல்டன்சி ஒன்றின் கீழ் பங்குக்கு வேலை பார்ப்பது மூன்றாவது வழி. அவர்களிடம் வெண்டார் பதிவு இருக்கும், உங்களிடம் ஆள் இருக்கும். கட்டணத்தில் பாதிக்குப் பாதி என்பது சாதாரணம். முதல் வருடம் க்ளையன்ட் பிடிக்கும் அலைச்சலே இல்லை என்பதால் இதை ஏளனமாகப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் "எங்களுக்கு வந்தால் உங்களுக்கு" என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தால் நீங்கள் இரண்டு பேருக்காகக் காத்திருக்கிறீர்கள். க்ளையன்ட் கட்டிய ஏழு நாளுக்குள், அல்லது ஜாயினிங்கிலிருந்து 75 நாளுக்குள், எது முன்போ அது என்று மாற்றிக் கேளுங்கள். ப்ரொஃபைலை வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் தேதியோடு மின்னஞ்சலில் அனுப்புவதும் இங்கேதான் மிக அவசியம். "அது ஏற்கெனவே எங்கள் டேட்டாபேஸில் இருந்தது" என்ற பதில் வரும்போது உங்களுக்கு வேறு சாட்சி இருக்காது.

முன்பணம் வாங்கிக்கொண்டு தேடுவது

கட்டணத்தை மூன்றாகப் பிரித்து, கையெழுத்தின்போது ஒன்று, ஷார்ட்லிஸ்ட் கொடுத்ததும் ஒன்று, ஜாயினிங்கில் ஒன்று. தொழிற்சாலைத் தலைவர், நிதித் தலைவர், அல்லது இப்போது இருப்பவருக்கே தெரியாமல் அவர் இடத்துக்கு ஆள் தேடுவது போன்றவற்றுக்கு இதுதான் முறை. தனி ஆளாக முதல் வருடத்திலேயே இதைக் கேட்டால் சிரிப்பார்கள் என்பதே உண்மை. அதற்குப் பதிலாக ஒரு நடுவழி எடுபடுகிறது: 15,000 முதல் 25,000 வரை ஈடுபாட்டுத் தொகையாக முன்பே வாங்கி, கடைசி இன்வாய்ஸில் கழித்துக்கொள்வது. தொகை முக்கியமில்லை. அதைக் கட்டிய க்ளையன்ட் இன்டர்வியூ தேதியைத் தள்ளிப்போடுவது குறைகிறது. அதே வேலையை எட்டு கன்சல்டன்சிக்குக் கொடுப்பதும் குறைகிறது.

பதிலுக்கு நீங்கள் தர வேண்டியது வாராந்தர அறிக்கை. எந்தெந்தக் கம்பெனிகளில் யார் யாரைப் பார்த்தீர்கள், யார் ஏன் மறுத்தார் என்ற 20, 25 பெயர் கொண்ட பட்டியல். சேவைக்கு வாங்கிய முன்பணத்துக்கு வாங்கியபோதே ஜிஎஸ்டி உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். முதலாளியே முடிவெடுக்கும் குடும்ப நிறுவனங்களில், பாதி வழியில் ஜேடி (வேலை விவரம்) மாறும். இரண்டு முறைக்கு மேல் மாறினால் புதிய தேடலாகக் கணக்கிடப்படும் என்று முதலிலேயே எழுதி வையுங்கள்.

உங்கள் பேரோலில் ஆள், அவர்கள் அலுவலகத்தில் வேலை

மாதா மாதம் வருமானம் என்பதால் கான்ட்ராக்ட் ஸ்டாஃபிங், அதாவது நீங்களே முதலாளியாக இருந்து சம்பளம் போட்டு ஆளை க்ளையன்ட்டிடம் வேலைக்கு அனுப்புவது, எல்லோரையும் இழுக்கும். தனி ஆளுக்கு மிக ஆபத்தானதும் இதுதான் என்பது எங்கள் கருத்து. காரணம் கணக்கில் இருக்கிறது.

மாதம் 25,000 சம்பளத்தில் 10 பேர். அடிப்படைச் சம்பளம் 15,000 என்றால் முதலாளி பங்கு பிஎஃப், இடிஎல்ஐ (பிஎஃப்போடு வரும் ஆயுள் காப்பீடு), நிர்வாகக் கட்டணம் சேர்த்து 13 சதவீதம், 1,950. கிராஜுவிட்டிக்கு 4.81 சதவீதம் ஒதுக்கினால் 721. ஒருவருக்கு அடக்கம் 27,671. அதன்மேல் உங்கள் மார்ஜின் 2,000 வைத்தால் 29,671. பத்துப் பேருக்கு 2,96,710. ஜிஎஸ்டி 53,408. உங்கள் மாத லாபம் 20,000.

இப்போது தேதிகள். ஜனவரிச் சம்பளத்தைப் பிப்ரவரி 1-இல் போடுகிறீர்கள். இன்வாய்ஸ் பிப்ரவரி 5. பிஎஃப் பிப்ரவரி 15. பிப்ரவரிச் சம்பளம் மார்ச் 1. அதற்கான பிஎஃப் மார்ச் 15. ஜனவரி இன்வாய்ஸின் ஜிஎஸ்டி மார்ச் 20. க்ளையன்ட் 45 நாள் தவணையில் பணம் போடுவது மார்ச் 22. அதாவது முதல் ரூபாய் வருமுன் இரண்டு மாதச் சம்பளமும் ஒரு ஜிஎஸ்டியும் உங்கள் கையிலிருந்து போய்விட்டன. ஏறத்தாழ ஆறு லட்சம். அதை ஆண்டுக்கு 18 சதவீத வட்டியில் புரட்டினால் மாத வட்டி 9,000. இருபதாயிரத்தில் பாதி அங்கே போகிறது.

டிடிஎஸ் இன்னும் மோசம் செய்யும். ஆள் வழங்கும் ஒப்பந்தம் என்று எடுத்துக்கொண்டு தனியாள் நிறுவனத்துக்கு 1 சதவீதம் பிடித்தால் 2,967 ரூபாய்தான். க்ளையன்ட்டின் கணக்காளர் இதைத் தொழில்முறைச் சேவை என்று எழுதி 10 சதவீதம் பிடித்தால் 29,671. உங்கள் மொத்த மார்ஜினைவிட அதிகம். ஒப்பந்தத்தில் பணியின் தன்மையையும் டிடிஎஸ் விகிதத்தையும் பெயர் சொல்லி எழுதாமல் கையெழுத்துப் போடவே கூடாது.

விற்றுமுதலிலும் சம்பளம் சேர்ந்தே எண்ணப்படுவதால், இந்தப் பத்துப் பேரை வைத்தே ஏழாவது மாதத்தில் ஜிஎஸ்டி பதிவுக்கான 20 லட்ச எல்லையைத் தாண்டிவிடுவீர்கள். பிஎஃப் சட்டப்படி 20 பேரில்தான் கட்டாயம் என்றாலும், பாக்கி வைத்தால் முதன்மை முதலாளியான தன்னிடம் கேட்பார்கள் என்பதால் க்ளையன்ட் முதல் ஆளிலிருந்தே சலான் கேட்பார். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் நிலைத்த கால ஒப்பந்தப் பணியாளருக்கு ஓராண்டிலேயே கிராஜுவிட்டி உரிமை வந்துவிட்டது. அந்த 721-ஐ இன்வாய்ஸில் சேர்க்காதவர், ஆள் போகும்போது கையிலிருந்து தருவார்.

ஆறு லட்சம் சொந்தப் பணம் சும்மா இருந்தால், க்ளையன்ட் 15 நாள் தவணைக்கு ஒப்புக்கொண்டால், இறங்கலாம். இல்லையென்றால் பெரிய ஸ்டாஃபிங் நிறுவனத்தின் பேரோலில் ஆளை ஏற்றி, மாதம் ஒருவருக்கு இவ்வளவு என்று பங்கு வாங்குங்கள். லாபம் குறையும், தூக்கம் வரும்.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புவது

இதை மற்றவற்றோடு ஒப்பிடவே கூடாது. 1983-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி பதிவு பெறாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பது குற்றம். வழக்கமான பதிவுக்கு 50 லட்சம் வங்கி உத்தரவாதம் வேண்டும். "நான் ரெஃபர் மட்டும்தான் பண்றேன்" என்ற சப்-ஏஜென்ட் வேலையும் சட்டத்துக்கு வெளியேதான். வளைகுடாவில் ஆள் கேட்டால், பதிவு பெற்ற ஏஜென்ட்டையோ தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தையோ கைகாட்டிவிட்டு ஒதுங்குங்கள்.

எதை எப்போது எடுப்பது

ஆறு மாதக் குடும்பச் செலவு சேமிப்பில் இருந்தால், ஒரே துறையில் நின்று ஆள் சேர்ந்தால் பணம் என்ற முறையிலேயே போகலாம். எம்பெடெட் எஞ்சினியர், பம்ப் வடிவமைப்பாளர், திருப்பூர் மெர்ச்சண்டைசர் என்று ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். எல்லாம் எடுப்பேன் என்கிறவருக்கு ஒவ்வொரு தேடலும் முதல் தேடல். மூன்று மாதச் செலவுதான் இருக்கிறது என்றால், பங்கு வேலையும் தலைக்கு இவ்வளவு என்ற வேலையும் பாதி நேரம், சொந்த க்ளையன்ட் பாதி நேரம். எந்த முறையானாலும் தேடத் தொடங்கும் முன் எச்ஆரிடம் நான்கு கேள்வி: இடம் ஏன் காலியானது, இன்னும் எத்தனை கன்சல்டன்சி தேடுகிறது, இன்டர்வியூ எடுப்பவர் யார், அவருக்கு இந்த வாரம் எந்த நாள் நேரம் இருக்கிறது. கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத ரெக்வயர்மென்ட் பெரும்பாலும் இன்னும் பட்ஜெட் கிடைக்காத ரெக்வயர்மென்ட்.

வேலை தேடுகிறவர் இதிலிருந்து என்ன எடுத்துக்கொள்ளலாம்

உங்களை அழைக்கும் ரிக்ரூட்டர் எந்த முறையில் சம்பாதிக்கிறார் என்று தெரிந்தால் அவர் நடந்துகொள்ளும் விதம் புரிந்துவிடும். ஆள் சேர்ந்தால் பணம் வாங்குகிறவர், சம்பளம் கூடினால் தனக்கும் கூடும் என்பதால் உங்களுக்காகப் பேரம் பேசுவார் என்று நினைக்க வேண்டாம். உங்கள் சிடிசியில் 50,000 கூடினால் அவருக்குக் கிடைப்பது 4,165 ரூபாய். பேரத்தில் ஆஃபரே கைநழுவினால் அவர் இழப்பது முக்கால் லட்சம். எந்தப் பக்கம் சாய்வார்? சம்பளப் பேச்சை எச்ஆரோடு நீங்களே பேசுங்கள். சிடிசியில் முதலாளி பங்கு பிஎஃப், கிராஜுவிட்டி, வேரியபிள் எவ்வளவு என்று பிரித்துக் கேட்டு, கைக்கு வரும் தொகையை எழுத்தில் வாங்குங்கள்.

க்ளையன்ட் பெயரைச் சொல்லாதவருக்கு ரெஸ்யூமே அனுப்பாதீர்கள். ஒரே கம்பெனிக்கு இரண்டு கன்சல்டன்சி வழியாக உங்கள் பெயர் போனால், யாருக்குக் கட்டணம் என்ற தகராறுக்குப் பயந்து எச்ஆர் உங்களையே ஒதுக்கிவிடக்கூடும். "இந்த நிறுவனத்துக்கு, இந்தப் பதவிக்கு மட்டும் அனுப்பச் சம்மதம்" என்று ஒரு வரி மின்னஞ்சல் போதும். "யாருடைய பேரோல்?" என்பதையும் முதல் போனிலேயே கேட்டுவிடுங்கள், பெரிய கம்பெனியின் வளாகத்தில் வேலை என்பதும் அந்தக் கம்பெனியில் வேலை என்பதும் ஒன்றல்ல. ஆஃபர் லெட்டரின் தலைப்பில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உங்கள் முதலாளி.

உள்நாட்டு வேலைக்கு ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ், ட்ரெயினிங் டெபாசிட், லேப்டாப் டெபாசிட் என்று எதைக் கேட்டாலும் போனை வைத்துவிடுங்கள். மேலே சொன்ன எந்த முறையிலும் கட்டணம் தருவது க்ளையன்ட்தான். அசல் சான்றிதழை யாரிடமும் விட்டு வைக்காதீர்கள். வெளிநாட்டு வேலை என்றால் மட்டும், பதிவு பெற்ற ஏஜென்ட் உங்களிடம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும், மொத்தம் 35,400 வரை வாங்கலாம்; அதற்கு ரசீது தர வேண்டும். ஏஜென்ட்டின் பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம், தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, டிக்கெட் கம்பெனி செலவு என்று சொல்லித்தான் 2022-இல் மியான்மரின் மியாவடி மோசடி முகாம்களுக்குத் தமிழ் இளைஞர்களைக் கொண்டுபோனார்கள். அந்த அழைப்புகள் இன்னும் டெலிகிராமில் வந்துகொண்டுதான் இருக்கின்றன.